டிரம்மர் மாறினால் இசை மாறுமா?

கேள்வி: பாடகரும் கிட்டார் கலைஞரும் அப்படியே இருக்க, டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் மாறினால் ஒரு ராக் குழுவின் இசை மாறிவிடுமா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நிச்சயமாக மாறும். உங்கள் ஊர்த் திருவிழாவில் பம்பைக்காரர் மாறினால், அதே அடவுக்கும் ஆடுபவரின் கால் வேறு விதமாக விழுவதைக் கவனித்திருப்பீர்கள்.

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் 1963 முதல் வாசித்த சார்லி வாட்ஸ், ஸ்நேர் என்ற, கூர்மையாக ஒலிக்கும் டிரம்மில் அடி விழும் கணத்தில், ஹை-ஹேட் என்ற ஜோடி உலோகத் தட்டுகளைத் தொடாமல் வலக் கையைச் சற்றே தூக்கிவிடுவார்; அந்தக் கண்ணிமைக்கும் இடைவெளியால் ஸ்நேரின் ஒலி தனித்துக் கேட்கும், பாட்டுக்கும் ஒரு தளர்ந்த நடை வந்துவிடும். தி ஹூ குழுவின் கீத் மூன் இதற்கு நேர் எதிர். காலக்கணக்கை மட்டும் காத்துக்கொண்டிராமல், பாடகரின் வரிகளுக்கு நடுவிலும் உருட்டிக்கொண்டே போவார். 1978இல் அவர் மறைந்த பின் வந்த கென்னி ஜோன்ஸ் திறமையானவர்தான்; ஆனால் அவருடைய சீரான வாசிப்பில் (என் காதுக்கு) அந்தப் பழைய ஆபத்து இல்லை. லெட் செப்பலினோ, 1980இல் அதன் டிரம்மர் ஜான் பான்ஹம் இறந்ததும், மாற்று ஆளைத் தேடாமல் குழுவையே கலைத்துவிட்டது.