வட்டியில்லாத் தவணையா, ஏழாயிரம் தள்ளுபடியா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் ஊர் மன்னார்குடிப் பக்கம். மகளைக் காலேஜ் பஸ் நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விடவும், வயலுக்குப் போய்வரவும் ஒரு ஸ்கூட்டர் எடுக்க நினைக்கிறோம். ஆன்-ரோடு விலை 1,12,000 ரூபாய். ஆடி ஆஃபர் என்று ஷோரூமில் இரண்டு வழி சொல்கிறார்கள். முழுப் பணத்தையும் கட்டினால் 7,000 தள்ளுபடி. இல்லையென்றால் 40,000 முன்பணம், மீதி 72,000-க்கு மாதம் 6,000 வீதம் 12 தவணை, வட்டி கிடையாது. ஃபைல் சார்ஜ் மட்டும் வரியோடு 2,950. சம்பா நெல் போட்ட பணம் வங்கியில் இருக்கிறது, ஆனால் முழுவதையும் எடுத்தால் குறுவைச் செலவுக்குக் கை காலி. வட்டியே இல்லாதபோது தவணைதானே லாபம் என்கிறார் மைத்துனர். என்ன செய்யலாம்? – ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: மைத்துனர் தவணையை மட்டும் பார்க்கிறார், நீங்கள் விட்டுக்கொடுக்கும் ஏழாயிரத்தைப் பார்க்கவில்லை. கணக்கைப் போட்டுவிடுவோம். முழுப் பணம் கட்டினால் 1,05,000-இல் வண்டி உங்களுடையது. தவணையில் போனால் முதல் நாளே முன்பணமும் ஃபைல் சார்ஜும் சேர்த்து 42,950 கொடுக்கிறீர்கள், அப்படியென்றால் அந்த 1,05,000-இல் அன்றைக்கு உங்கள் கையில் தங்குவது 62,050. அந்த 62,050-ஐக் கையில் வைத்துக்கொள்ளத்தான் அடுத்த பன்னிரண்டு மாதத்தில் 72,000 கட்டப் போகிறீர்கள். கூடுதலாகப் போகும் 9,950 ரூபாய்தான் வட்டி.

பத்தாயிரம்தானே என்று தோன்றலாம். ஆனால் அந்த 62,050 வருஷம் முழுக்க உங்களிடம் இருக்கப் போவதில்லை, மாதாமாதம் கரைந்துகொண்டே வரும். சராசரியாகப் பார்த்தால் வருஷத்துக்கு 34,000 ரூபாய் போலத்தான் கடன் வாங்கியதாகக் கணக்கு. சரியாகக் கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 28 சதவீதம் வட்டி வருகிறது. அடகுக் கடையில்கூட இந்த வட்டி சொன்னால் நீங்கள் எழுந்து வந்துவிடுவீர்கள்.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. கடன் கொடுக்கும் நிறுவனம் சும்மா பணம் தருவதில்லை, அதற்கு வரவேண்டிய வட்டியை வண்டிக் கம்பெனியோ டீலரோ கட்டுகிறார், உங்களுக்குத் தள்ளுபடியாக வரவேண்டிய பணம்தான் அங்கே போகிறது. வீட்டுப் பொருள்களுக்கு இப்படிக் கடன் கொடுப்பது பெருகியபோது, பூஜ்யம் சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. 2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தனிநபர்களுக்குக் கடன் தரும் வங்கியானாலும் ஃபைனான்ஸ் கம்பெனியானாலும், எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டி எவ்வளவு என்று ஒரு தாளில் தனியாகக் காட்ட வேண்டும். கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் என்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பே அதைக் கேட்டு வாங்குங்கள். ஃபைல் சார்ஜ் அதில் ஏறியிருக்கும், ஆனால் நீங்கள் இழக்கும் 7,000 ஏறியிருக்காது, அதை நீங்கள்தான் கூட்டிக்கொள்ள வேண்டும்.

சரி, உங்கள் நிலைமைக்கு வருகிறேன். ஆடியில் வண்டி எடுத்தால் ஆவணியில் முதல் டியூ. குறுவை அறுத்து, கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்டு, பணம் கணக்கில் ஏற ஐப்பசி ஆகிவிடும். அதற்குள் சம்பாவுக்கு உழவு, நாற்று, உரம் என்று செலவு வரிசையில் நிற்கும். நமக்குப் பணம் வருவது வருஷத்துக்கு இரண்டு தடவை, டியூவோ மாதத்துக்கு ஒரு தடவை. ஒரு மாதம் கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிப் போனால் ஃபைனான்ஸ்காரர் ஒரு அபராதம், வங்கி ஒரு அபராதம். வட்டியில்லாத் தவணையில் நம் பக்கத்து ஆட்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

வீட்டில் நகை இருந்து, குறுவைப் பணத்தில் கட்டாயம் மீட்டுவிடுவேன் என்று உங்கள் மனதுக்கு உறுதியாகத் தெரிந்தால், அதே 62,000-ஐ வங்கியில் நகைக்கடனாக எடுத்து, முழுப் பணம் கட்டி, ஏழாயிரத்தை வாங்கிக்கொள்ளுங்கள். 10 சதவீத வட்டி என்றே வைத்துக்கொண்டாலும் நான்கு மாதத்துக்கு 2,100-க்குள் முடியும். மதிப்பீட்டுக் கட்டணம் கொஞ்சம் வரும், அவ்வளவுதான். மீட்பது சந்தேகம் என்றால் நகையைத் தொடவே வேண்டாம், வண்டியைத் தை மாதத்துக்குத் தள்ளிப் போடுங்கள், ஸ்கூட்டர் எங்கேயும் போய்விடாது.

தவணை எப்போது லாபம் என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் மைத்துனர் கோபித்துக்கொள்வார். இதே 6,000 வீதம் பன்னிரண்டு தவணை கட்டும்படி 10 சதவீத வட்டிக்கு வெளியே கடன் வாங்கினால், கட்டும் 72,000-இல் வட்டி ஏறக்குறைய 3,800 ஆகும். ஆக, தள்ளுபடியும் ஃபைல் சார்ஜும் சேர்ந்து 3,800-க்குக் கீழே இருந்தால் தவணையில் எடுங்கள். முழுப் பணம் கட்டினாலும் ஒரு ரூபாய் குறைக்க மாட்டேன் என்றால் தாராளமாக எடுங்கள். உங்களுக்குச் சொல்லியிருப்பது 9,950, கிட்டவே வரவில்லை.

இன்னொன்று. எப்படிப் பணம் கட்டப் போகிறீர்கள் என்பதை முதலில் வாய்விடாதீர்கள், விலையைப் பேசி முடித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள். தையில் தங்கை மகனுக்கு வண்டி எடுக்கக் கும்பகோணத்தில் ஒரு ஷோரூமுக்குப் போயிருந்தேன். கொட்டேஷன் தாளில் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ் எல்லாம் அச்சில் இருந்தது, அதற்குக் கீழே பேனாவால் ஹேண்ட்லிங் 1,500, பாதுகாப்புக் கம்பி, மேட், சீட் கவர் 3,800 என்று எழுதியிருந்தார்கள். ஹேண்ட்லிங் எதற்கு என்று கேட்டேன். அந்தப் பையன் பதில் சொல்லவில்லை, மேனேஜர் அறையைத் திரும்பிப் பார்த்தான், உள்ளே போய்வந்து 1,500-ஐ அடித்துவிட்டான். சீட் கவர் வேண்டாம் என்றதும் அந்த வரியிலும் பாதி போயிற்று. நாங்கள் தள்ளுபடி என்ற வார்த்தையையே அதுவரை எடுக்கவில்லை. இன்ஷூரன்ஸும் அப்படித்தான், புது இருசக்கர வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு 5 வருஷத்துக்குக் கட்டாயம், ஆனால் அதை ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் போங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அது எல்லாருக்கும் கிடைப்பது. அதைக் காட்டி “இவ்வளவு குறைத்திருக்கிறோம்” என்று யாராவது சொன்னால் ஆஃபர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

கேள்வி: திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்கு வாழை இலை ஏற்ற ஒரு குட்டியானை லோடு வண்டி எடுக்கிறேன். 4 லட்சம் கடன், 4 வருஷம். ஷோரூமில் இருக்கும் ஃபைனான்ஸில் 7 சதவீதம், வங்கியில் 11 சதவீதம். அலைச்சல் இல்லாமல் ஷோரூமிலேயே முடித்துவிடலாமா? – ஒரு வாசகி, திருவையாறு

பதில்: அம்மா, அந்த 7 சதவீதம் ஃபிளாட் வட்டியா என்று முதலில் கேளுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அசலில் பாதியைக் கட்டி முடித்த பிறகும் முழு 4 லட்சத்துக்கே வட்டி போடுவார்கள். வருஷத்துக்கு 28,000, நான்கு வருஷத்துக்கு 1,12,000, தவணை 10,667. வங்கியின் 11 சதவீதம் பாக்கி இருக்கும் அசலுக்கு மட்டும்தான், தவணை 10,338 வரும், மொத்த வட்டி 96,000 சொச்சம். சிறியதாகத் தெரியும் 7-இல் நீங்கள் பதினைந்தாயிரத்துக்கு மேல் அதிகம் கட்டுகிறீர்கள், வங்கிக் கணக்குப்படி அது 12.7 சதவீத வட்டி. வங்கிக்கு நான்கு நடை நடப்பது வீண் போகாது. கடனை முன்கூட்டியே அடைத்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும் இரண்டு இடத்திலும் எழுத்தில் கேளுங்கள், முகூர்த்த மாதங்களில் இலை நல்ல விலைக்குப் போகும்போது மொத்தமாகக் கட்டத் தோன்றும்.

கேள்வி: பைக் கடன் கட்டி முடித்து எட்டு மாதம் ஆகிறது. ஆர்.சி.யில் இன்னும் ஃபைனான்ஸ் பெயர் இருக்கிறது. அது தானாகப் போய்விடுமா? – ஒரு வாசகர், சீர்காழி

பதில்: போகாது. கடன் கொடுத்தவரிடம் பாக்கி இல்லை என்ற சான்றும் (என்.ஓ.சி.), கடன் ஒப்பந்தம் முடிந்தது என்று அவர் கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துக் கட்டணம் கட்டினால்தான் பெயரை எடுப்பார்கள். பைக்கை விற்கப் போகும்போது இதற்காக அலைவதைவிட, என்.ஓ.சி. கைக்கு வந்த வாரமே முடித்துவிடுங்கள்.