வருடா வருடம் ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறீர்களா?

கேள்வி: திருச்சியில் தனி வீட்டில் நால்வர் இருக்கிறோம். இரண்டு மாதத்துக்கு 640 யூனிட் ஓடுகிறது. 45 நாளைக்கு ஒரு சிலிண்டர், ஸ்கூட்டருக்கு மாதம் பத்து லிட்டர் பெட்ரோல். பல்பெல்லாம் எல்இடி ஆக்கியாயிற்று. ஹால் ஏசி எட்டு வருடப் பழசு, கோடைதோறும் கேஸ் ஏற்றினால்தான் குளிர்கிறது. வீட்டின் கார்பன் தடத்தைக் குறைக்க எதில் தொடங்கலாம்? மகன் சோலார் போடச் சொல்கிறான்.

பதில்: முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம். நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருவதால், ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. மாதம் 320 யூனிட் என்றால் 224 கிலோ. 14.2 கிலோ சிலிண்டர் எரிந்து தீர்ந்தால் சுமார் 42 கிலோ, மாதத்துக்கு 28. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் 23. ஐந்தில் நான்கு பங்கு கரண்ட் பில்லில்தான் இருக்கிறது.

ஆனால் இந்தக் கணக்கில் வராத ஒன்றை நீங்களே போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: கோடைதோறும் கேஸ் ஏற்றுவது. ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய செப்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைகிறது என்றால் கசிகிறது என்று பொருள். அவுட்டோர் யூனிட்டின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆர்-410ஏ என்றிருந்தால், அந்த வாயு ஒரு கிலோ கசிவது 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவை விடுவதற்குச் சமம். வருடம் அரை கிலோ போனாலே ஒரு டன். உங்கள் வீட்டு நாலரை மாத மின்சாரத்தின் அளவு அது! ஆர்-32 என்றால் பாதிப்பு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் சின்னது இல்லை.

பெரும்பாலும் கசிவது குழாயும் யூனிட்டும் சேரும் பித்தளை நட்டில். சோப்புத் தண்ணீரை ஸ்பாஞ்சில் நனைத்து அங்கே வைத்தால் குமிழி கிளம்பும். உள்ளே காயிலில் ஓட்டை என்றால் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மெக்கானிக்கிடம் “லீக்கை அடைத்துவிட்டு, வேக்யூம் போட்டு (குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்து), அப்புறம் கேஸ் ஏற்றுங்கள்” என்று கறாராகச் சொல்லுங்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் அவருக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்காது. பிப்ரவரியில் கூப்பிடுங்கள். அடைக்க முடியாத ஓட்டை என்றால் ஏசியை மாற்றுவதே நல்லது. பழையதைக் கழற்றும்போது கேஸைக் காற்றில் திறந்துவிடாமல், ‘பம்ப் டவுன்’ செய்து அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைத்துத்தான் எடுக்கச் சொல்ல வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. பழைய விசிறி 75 வாட் இழுக்கும், பிஎல்டிசி எனப்படும் மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் விசிறிக்கு 30 வாட் போதும். ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓடும் விசிறியை மாற்றினால் இரண்டு மாதத்தில் 38 யூனிட் குறையும். அதிகம் ஓடும் மூன்றை மாற்றினாலே 110 யூனிட்டுக்கு மேல். பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு, ரிமோட்டில் வேகத்தை வையுங்கள். ஏசியை 26-இல் வைத்து அந்த விசிறியையும் ஓட்டினால் குளிர்ச்சி குறைந்ததே தெரியாது. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

கீசரைக் குளிப்பதற்குக் கொஞ்சம் முன்பு போட்டு உடனே அணைத்தால் போதும். சார்ஜரைப் பிடுங்கி வைப்பதெல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனால் கணக்கில் தெரியாது.

சரி, சோலார். மகன் சொல்வது நியாயம், வரிசைதான் முக்கியம். ஒரு கிலோவாட் சோலார் பலகை நம் ஊர் வெயிலில் நாளுக்கு சராசரியாக 4 யூனிட் தரும். இன்றைய செலவுக்கு 3 கிலோவாட் வேண்டும். விசிறியும் ஏசியும் சரியானால் 2 கிலோவாட்டிலேயே பெரும்பங்கு அடங்கிவிடும். 2024-இல் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாய், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். ஆர்டர் கொடுப்பதற்கு முன் டிசம்பரில் ஒருநாள் காலை ஒன்பதுக்கும் மாலை மூன்றுக்கும் மொட்டை மாடி ஏறிப் பாருங்கள். அப்போது சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், தெற்குப் பக்கத்து வீட்டுத் தென்னையோ தண்ணீர்த் தொட்டியோ எங்கே நிழல் போடுகிறது என்று தெரிந்துவிடும். பலகை அந்த இடத்துக்குப் போகக் கூடாது.