பர்வதமலை ஏறிய கால்களுக்கு வேல்ஸ் மலை: மாடரேட்டா, ஸ்ட்ரெனுவஸா?

தங்கச்சி, மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். போளூர்ப் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வேல்ஸில் கார்டிஃப் நகரத்துக்கு வந்து ஆறேழு மாதம் ஆகிறது. வார்டில் கூட வேலை பார்க்கும் அம்மா ஒருவர் தன் நடைக் குழுவுக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறார். குழுவின் பட்டியலில் ஒவ்வொரு நடைக்கும் பக்கத்தில் ஈஸி, லெஷர்லி, மாடரேட், ஸ்ட்ரெனுவஸ் என்று அது எவ்வளவு கடினம் என்ற நிலை போட்டிருக்கிறது. பர்வதமலை ஏறி இறங்கியவள்தானே, நேராக ஸ்ட்ரெனுவஸுக்கே பெயர் கொடுத்துவிடலாமா என்கிறீர்கள். என்னென்ன வாங்க வேண்டும் என்பது அடுத்தது. முன்பின் தெரியாதவர்களோடு மலைக்குப் போவதாவது என்று ஊரில் இருக்கும் வீட்டுக்காரர் முகம் சுளிப்பது மூன்றாவது.

தாராளமாகப் போங்கள். ஆனால் முதல் தடவை மாடரேட்தான், அதிலும் ஏற்றம் குறைந்ததாகப் பார்த்து.

கடப்பாறைப் படியில் கால் வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏறியவருக்குத் தெம்பு போதாது என்று நான் சொல்ல மாட்டேன். விஷயம் வேறு. பர்வதமலையில் நீங்கள் உங்கள் வேகத்தில் ஏறினீர்கள். மூச்சு வாங்கினால் உட்கார்ந்தீர்கள், மோர் விற்றால் வாங்கிக் குடித்தீர்கள், கூட வந்தவர்கள் முன்னே போனாலும் பாதை நிறைய ஜனம் இருந்தது. இங்கே குழுவின் வேகம்தான் உங்கள் வேகம். ஐந்தாறு மணி நேரம் விடாமல் ஒரே சீராக நடப்பார்கள். நடுவில் நிற்பது ஐந்து நிமிடம், சாப்பாட்டுக்கு இருபது நிமிடம். எழுபது வயதுப் பாட்டி இரண்டு கைத்தடியோடு பேச்சுக்கூட நிற்காமல் ஏறிப் போவார். நமக்குப் பதில் சொல்ல மூச்சு வராது. ஐம்பது வருடமாக வாரா வாரம் நடந்த கால் அது, மனதைத் தளரவிடாதீர்கள்.

அந்த நிலைகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ராம்ப்ளர்ஸ் என்ற நடைக்காரர் அமைப்பு 1935இல் தொடங்கியது, இந்நாட்டு நடைக் குழுக்களில் பலவும் எங்காவது அதோடு தொட்டுக்கொண்டுதான் இருக்கும். மாடரேட் என்றால் நாட்டுப்புறத்தில் நடந்து பழகி, உடம்பும் நல்ல நிலையில் இருப்பவருக்கு. ஸ்ட்ரெனுவஸ் என்றால் அனுபவமும் சராசரிக்கு மேல் தெம்பும் உள்ளவருக்கு என்பது அவர்கள் கணக்கு. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒவ்வொரு குழுவும் தன் ஆட்களை வைத்துத்தான் நிலையைப் போடுகிறது. சமவெளிக் குழு ஒன்று ஸ்ட்ரெனுவஸ் என்பதை இங்கே மலைக்காரர்கள் சிரித்துக்கொண்டே மாடரேட் என்பார்கள். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, அதற்குக் கீழே இருக்கும் இரண்டு எண்களைப் பாருங்கள்: எத்தனை கிலோமீட்டர், மொத்தம் எத்தனை மீட்டர் ஏற்றம்.

கணக்குப் போட ஒரு பழைய வழி உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதன்மேல் 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம். பென் அ வான் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 886 மீட்டர், தென் வேல்ஸில் இதைவிட உயரம் கிடையாது. ஏ470 சாலையோரம் பான்ட் ஆர் டாவ் கார் பார்க்கிலிருந்து ஏறி இறங்கினால் ஆறு, ஏழு கிலோமீட்டர். சாலையே 440 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஏறுவது சுமார் 450 மீட்டர்தான். நெய்ஸ்மித் கணக்குப்படி இரண்டு மணி நேரம். அவர் கணக்கில் டீ குடிப்பது, போட்டோ எடுப்பது, ஷூ லேஸ் கட்டுவது எதுவும் இல்லை; புதியவர் என்றால் மூன்றரை மணி நேரம் வையுங்கள். அதே மலையை மறுபக்கத்திலிருந்து கார்ன் டீ, பென் அ வான், க்ரிபின் என்று மூன்று சிகரங்களையும் லாடம் மாதிரி வளைத்து நடந்தால் ஏறக்குறைய 16 கிலோமீட்டர், 700 மீட்டருக்குக் குறையாத ஏற்றம், ஒரு முழு நாள். போட்டோவில் இரண்டும் ஒரே சிகரம்தான். முழங்காலுக்குத்தான் வித்தியாசம் தெரியும், அதுவும் இறங்கும்போது.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் கார்டிஃப் ஓரத்திலேயே இருக்கும் கார்த் மலை, 307 மீட்டர். ஒரு டியூட்டி ஆஃப் நாளின் காலையில் தனியாகவே போய்வரலாம். அப்புறம் குழுவோடு ஆபர்கவெனி பக்கம் சுகர் லோஃப், 596 மீட்டர். முதல் மாடரேட்டுக்கு இதைவிட நல்ல மலை இல்லை என்பேன். பாதை அகலம், சரிவு பொறுமையானது, உச்சியில் நிற்கும்போது நான்கு பக்கமும் தெரியும். அதற்குப் பிறகு பென் அ வான். கூட்டம் பிடிக்காதவர் சனிக்கிழமை போகாதீர்கள், உச்சிக் கல்லோடு போட்டோ எடுக்க வரிசை நிற்கும், நம் ஊர் தரிசன வரிசை தோற்றது.

வடக்கே ஸ்னோடன் பக்கம் அவசரமில்லை. 1085 மீட்டர், இப்போது அர் வித்வா என்ற வெல்ஷ் பெயரில்தான் தேசியப் பூங்காவே எழுதுகிறது. லான்பெரிஸ் பாதை நீளமே தவிரப் பயமில்லை. 1896இலிருந்து உச்சிக்கு ஒரு குட்டி ரயிலும் ஓடுகிறது. நாம் வேர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேரும்போது, ரயிலில் வந்தவர் மடிப்புக் கலையாத சட்டையோடு காபி குடித்துக்கொண்டிருப்பார். ஆனால் க்ரீப் கோக், ட்ரவன் என்ற பெயர்கள் பட்டியலில் வந்தால் பக்கத்தில் என்ன நிலை போட்டிருந்தாலும் இந்த வருடம் வேண்டாம். அங்கே நடப்பது பாதி, கையால் பாறையைப் பற்றி ஏறுவது பாதி. க்ரீப் கோக் கத்தி விளிம்பு போன்ற முகடு, இரண்டு பக்கமும் பள்ளம். பர்வதமலையில் சங்கிலி இருந்தது, இங்கே இல்லை.

இனி வானிலை. கார்டிஃபில் வெயில் அடிக்கிறதே என்று மலையைக் கணக்குப் போடக்கூடாது. ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஏழு டிகிரி குறையும், காற்று அடித்தால் இன்னும் பத்து டிகிரி குறைந்த மாதிரி இருக்கும். லீடர் மெயிலில் "கொஞ்சம் காற்று இருக்கலாம்" என்று எழுதினால், தொப்பி பறக்காமல் கட்டிக்கொள்ள வழி பாருங்கள். மூடுபனி வந்தால் பத்தடி முன்னே போகிறவர் முதுகு தெரியாது. கார்ன் டீக்குக் கீழே முகட்டில் ஒரு கல் தூண் நிற்கிறது, போகிறபோது நின்று படியுங்கள். டாமி ஜோன்ஸ் என்ற ஐந்து வயதுப் பையனின் நினைவுக் கல் அது. 1900 ஆகஸ்டில் ஒரு மாலை, தாத்தாவின் பண்ணைக்குப் போகும் வழியில் பிரிந்துபோனான். 29 நாள் கழித்து அந்த உயரத்தில்தான் உடலைக் கண்டெடுத்தார்கள். பள்ளத்தாக்கில் வழி தவறிய குழந்தை அவ்வளவு மேலே எப்படி ஏறிப் போனான் என்று அன்று ஊரே திகைத்தது. அது நல்ல கோடை மாதம். அதனால்தான் லீடர் கடைசி நேரத்தில் பாதையை மாற்றினாலோ, நடையையே ரத்து செய்தாலோ, லீவ் போட்டது வீணாகிவிட்டதே என்று முணுமுணுக்காமல் வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

வாங்குவதைப் பற்றி. நமக்குப் பருத்தி என்றால் உயிர். மலைக்கு மட்டும் அது எதிரி. ஜீன்ஸும் காட்டன் டீஷர்ட்டும் நனைந்தால் காயவே காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். செலவு செய்ய வேண்டியது இரண்டே இடத்தில்: கணுக்கால் வரை வரும் பூட், தண்ணீர் புகாத ஜாக்கெட். பூட் வாங்கும்போது தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு பாருங்கள், விரல் முன்னே இடிக்கக்கூடாது, இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். மழைக்கால்சட்டை, ஃப்ளீஸ், பை எல்லாம் டெக்கத்லான் கடையில் மலிவாகவோ, பழைய சாமான் விற்கும் சேரிட்டி கடையில் இன்னும் மலிவாகவோ கிடைக்கும். குளிர்காலத்தில் தலை டார்ச் கட்டாயம். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும்.

சாப்பாட்டுக்கு எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். ஐந்து டிகிரிக் குளிரில் டப்பாவைத் திறந்தால் பருக்கை பருக்கையாக விறைத்துக் கிடக்கும். கையுறையைக் கழற்றிப் பிசைந்து சாப்பிட்டால் விரல் மரத்துப்போகும். சப்பாத்தியில் தக்காளித் தொக்கைத் தடவிச் சுருட்டி, காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள். ஃப்ளாஸ்கில் டீக்குப் பதில் மிளகு ரசம். கற்சுவர் ஓரம் காற்றுக்கு ஒதுங்கி எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரிக்கும்போது, மூடியைத் திறந்தால் வாசனைக்கே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். கூடவே முறுக்கு ஒரு பொட்டலம். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் முறுக்குக்காரி என்று உங்களை அடுத்த முறை தேடுவார்கள்.

யாரும் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மலையில் கழிப்பறை கிடையாது. கார் பார்க்கில் லீடர் சொல்லும்போதே போய்விடுங்கள். நடுவில் அவசரம் என்றால் கடைசியில் வருபவரிடம் சொல்லிவிட்டு சுவருக்கு அந்தப்பக்கம் ஒதுங்கலாம், ஓடைக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம். அவர் வேறு பக்கம் திரும்பி நிற்பார், யாரும் எதுவும் நினைக்க மாட்டார்கள். காகிதம், நாப்கின் எல்லாம் ஜிப் கவரில் போட்டுத் திரும்ப எடுத்துவர வேண்டும்.

வீட்டுக்காரரிடம் இப்படிச் சொல்லுங்கள். முன்னே ஒருவர் வழி காட்டுவார், கடைசியில் ஒருவர் யாரும் பின்தங்காமல் பார்த்துக்கொண்டு வருவார், ஒவ்வொரு வேலிக் கதவிலும் தலை எண்ணுவார்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், நம் மாதிரி ஆஸ்பத்திரி ஆட்கள். ஏதாவது ஆகிவிட்டால் 999 என்ற அவசர எண்ணை அழைத்து, முதலில் போலீஸ், அப்புறம் மவுண்டன் ரெஸ்க்யூ என்று கேட்டால் மலை மீட்புக் குழு வரும். அவர்கள் எல்லாரும் தொண்டர்கள், காசு வாங்குவதில்லை. வார்டில் ஹலோவுக்கு மேல் பேசாதவர் மலையில் மூன்று மணி நேரம் தன் குடும்பக் கதை சொல்வார். பக்கத்தில் நடக்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால்தானோ என்னவோ, இந்த ஊர்க்காரர்களுக்கு அது வசதி.

நீங்கள் கவனிக்க வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. முடியவில்லை என்றால் வாயைத் திறந்து சீக்கிரமே சொல்லுங்கள், வீம்புக்கு நடந்து பாதி மலையில் உட்காருவதுதான் எல்லாருக்கும் சங்கடம். நாம் திறந்த வேலிக் கதவைக் கடைசியில் வருபவர் சாத்த வேண்டும், ஆடு வெளியே போய்விடும். நாய்க்குப் பயம் என்றால் முன்பே எழுதிவிடுங்கள். யாராவது காரில் அழைத்துப் போனால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பெட்ரோல் காசு கொடுத்துவிடுங்கள். திரும்பும்போது சேறு பிடித்த பூட்டோடு அவர் காரில் ஏறாமல், மாற்றுச் செருப்பும் ஒரு பழைய பிளாஸ்டிக் பையும் தயாராக வைத்திருங்கள்.

ராம்ப்ளர்ஸ் குழு என்றால் உறுப்பினர் ஆவதற்கு முன் மூன்று நடை வரை இலவசமாக வந்து பார்க்கலாம். ஆகையால் பணம் கட்டுவதைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். உங்கள் பட்டியலில் சுகர் லோஃப் இருந்தால் அதன் லீடருக்கு இன்றே எழுதுங்கள்: புதியவள், எத்தனை மீட்டர் ஏற்றம், மணிக்கு என்ன வேகம், கார்டிஃபிலிருந்து காரில் இடம் இருக்கிறதா. நைட் டியூட்டி முடிந்த மறுநாளாக மட்டும் அது இருக்கக்கூடாது, ரோஸ்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.