கீமோகைன்னா என்ன? அதை பிளாக் பண்ணிட்டா வீக்க நோயெல்லாம் சரியாகிடாதா?

முள்ளு குத்துன இடம் கொஞ்ச நேரத்துல செவந்து வீங்குதுல்ல, அங்க வெள்ளை அணுக்களை வரவைக்கிறது முக்கியமா இந்த கீமோகைன்கள்தான். குட்டிக் குட்டி புரோட்டீன்கள், மனுச உடம்புல கிட்டத்தட்ட 50 வகை இருக்கு. சிஸ்டீன் அமினோ அமிலம் அதுல அமைஞ்சிருக்கற விதத்தை வச்சு நாலு குடும்பமா பிரிக்கிறாங்க.

எனக்கு இன்னிக்கும் பிரமிப்பா இருக்கறது அது வேலை செய்ற விதம்தான். அடிபட்ட திசு விடுற கீமோகைன் ரத்தத்தோட அடிச்சிட்டு போயிடாம ரத்தக்குழாயோட உள்சுவர்ல இருக்கற சர்க்கரைச் சங்கிலிகள்ல ஒட்டிக்கும், அது மேல உருண்டுட்டே போற நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு அதை உணர்ந்ததும் கெட்டியா பிடிச்சு நின்னு, செல்லுக்கு நடுவுல இருக்கற இடுக்குல புகுந்து வெளிய வந்து, எந்தப் பக்கம் கீமோகைன் அதிகமோ அந்தப் பக்கமா போகும், வாசனை புடிச்சு போற எறும்பு மாதிரி. 1987-ல கண்டுபிடிச்ச ஐஎல்-8-ங்கிற கீமோகைன் இந்த வேலைக்குப் பேர்போனது.

இப்ப உங்க ரெண்டாவது கேள்வி. நல்ல யோசனைதான், மூட்டுவாத நோய்க்கு நெஜமாவே ட்ரை பண்ணாங்க, ஆனா எதிர்பார்த்த பலன் கிடைக்கல. ஒரு முக்கியக் காரணம், ஒரே ரிசெப்டர்ல (கீமோகைனை உணர செல்லு மேல இருக்கற புரோட்டீன்) பல கீமோகைன் வந்து ஒட்டும், ஒரே கீமோகைன் பல ரிசெப்டர்லயும் ஒட்டும், அதனால நீங்க ஒண்ணை அடைச்சா இன்னொண்ணு அந்த வேலையை எடுத்துக்கும்.

ஒரே ஒரு ரிசெப்டரை நம்பி நடக்கற விஷயம்னா கதையே வேற. ஹெச்ஐவி வைரஸ் செல்லுக்குள்ள நுழைய பெரும்பாலும் சிசிஆர்5-ங்கிற கீமோகைன் ரிசெப்டரைப் பயன்படுத்துதுன்னு 1996-ல தெரிஞ்சுது, அந்த ரிசெப்டரோட ஜீன்ல 32 டிஎன்ஏ எழுத்து இல்லாம பொறந்தவங்களுக்கு, அதுவும் அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் அப்படியே வந்திருந்தா, ஹெச்ஐவி தொத்துறது ரொம்ப அபூர்வம். அதை வச்சுத்தான் சிசிஆர்5-ஐ அடைக்கற மாராவிராக் மருந்து 2007-ல வந்துச்சு. ரத்த அணுக்களை உருவாக்குற ஸ்டெம் செல்களை எலும்பு மஜ்ஜையிலயே பிடிச்சு வச்சிருக்கறதும் ஒரு கீமோகைன்தான், அதோட ரிசெப்டரை பிளெரிக்ஸாஃபோர் மருந்தால அடைச்சா ஸ்டெம் செல்லுங்க ரத்தத்துக்கு வந்துடும், டாக்டருங்க அதை சேகரிச்சு ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்கு பயன்படுத்துறாங்க.

வீக்க நோயைச் சரிபண்ண வழி காட்டப்போறது உண்ணிதான்னு நான் நம்புறேன். நாள்கணக்குல தோல்ல கடிச்சுக்கிட்டு ரத்தம் குடிச்சாலும் அந்த இடம் பெருசா வீங்காம பாத்துக்குது, ஏன்னா அதோட எச்சில்ல எவாசின்னு சில புரோட்டீன் இருக்கு, அதுல ஒவ்வொண்ணும் பல கீமோகைனை ஒரே நேரத்துல பிடிச்சு செயலிழக்க வைக்கும். ஒண்ணொண்ணா அடைக்கறதை விட்டுட்டு மொத்தமா பிடிக்கற இந்த வழியைத்தான் இப்ப ஆராய்ச்சி பண்றாங்க.