கோலாலம்பூரில் காசு கொடுத்து பேஸ்ட்ரி வகுப்புக்குப் போகலாமா, யூடியூப் போதாதா?

செந்தூலில் வீடு, கேக் நன்றாக வருகிறது, அடுக்கடுக்காகப் பிரியும் பட்டர் ரொட்டியான குரோசான் மட்டும் வரவே மாட்டேன் என்கிறது, ஒருநாள் வகுப்புக்குச் சில நூறு ரிங்கிட் கேட்கிறார்கள், போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வைன் வகுப்பையும் சேர்த்து எடுக்கலாமா என்பது இரண்டாவது கேள்வி. வீட்டில் மாட்டிறைச்சி சேர்ப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

தாராளமாகப் போங்கள், ஆனால் மாவில் உங்கள் கை படுகிற வகுப்பாகப் பார்த்துப் போங்கள். செஃப் முன்னால் நின்று செய்துகாட்ட, நாம் நாற்காலியில் உட்கார்ந்து குறிப்பெடுத்து, ருசி பார்த்துவிட்டுத் திரும்பும் வகுப்புக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள். மாமாக் கடையில் ரொட்டி சானாய் வீசுவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். பார்த்துப் பார்த்தே வீசப் பழகியவர் யாரையும் எனக்குத் தெரியாது. குரோசானும் அந்த மாதிரிதான்.

உங்களுக்கு குரோசான் வராததற்கு நம் வெயில்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். பட்டரை மாவுக்குள் வைத்து, மூன்றாக மடித்து, தேய்த்து, மறுபடி மடிக்கிறோம். மூன்று முறை மடித்தால் 27 அடுக்கு பட்டர். ஓவனில் அந்த அடுக்குகள்தான் பிரிந்து எழும்பும். மடிக்கும்போது பட்டர் ஏறக்குறைய 13 முதல் 16 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். அதைவிடக் குளிர்ந்தால் உள்ளேயே துண்டு துண்டாக உடையும். சூடு கூடினால் மாவோடு கலந்து, குரோசானுக்குப் பதில் பன் வரும். நம் சமையலறை மதியத்தில் 30 டிகிரியைத் தாண்டுகிறது, பிறகு எப்படி வரும்? ஐரோப்பியக் குறிப்புகளில் 'வெதுவெதுப்பான இடத்தில் உப்ப விடுங்கள்' என்று இருப்பதை நாம் அப்படியே செய்தால் பட்டர் ஒழுகித் தட்டில் நிற்கும். கடைசியாக உப்பும்போது 24 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

பட்டர் பதமாக இருக்கிறதா என்பதை வளைத்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். விரிசல் விடாமல் வளைய வேண்டும், விரலில் ஒட்டவும் கூடாது. அந்தப் பதத்தை ஆசிரியர் பக்கத்தில் நின்று, 'இப்போது மடி' என்று சொல்லும்போது ஒருமுறை கையால் உணர்ந்துவிட்டால், நீங்கள் கொடுத்த காசு அங்கேயே வந்துவிடும். வீட்டில் நான் ஏர்கோன் போட்ட படுக்கையறையில் மேசை வைத்துத்தான் மாவு தேய்க்கிறேன். ஐஸ் கொட்டிய தட்டை முதலில் மேசைமேல் வைத்துக் குளிரவிட்டுத் துடைத்துவிடுவேன். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவே அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்.

ஆனாலும் முதல் வகுப்பாக குரோசானை எடுக்காதீர்கள். கிரீம் பஃப், எக்லேர் செய்யும் ஷூ மாவு வகுப்பை எடுங்கள். பட்டரைத் தண்ணீரில் உருக்கி, மாவைப் போட்டு அடுப்பிலேயே கிளறுவதால் நம் வெயில் அதை ஒன்றும் செய்யாது. சட்டியின் அடியில் மெல்லிய படலம் பிடிப்பதும், முட்டை சேர்த்த மாவு கரண்டியிலிருந்து 'வி' வடிவில் தொங்குவதும் நேரில் ஒருமுறை பார்த்தால் மறக்காது. அடுத்து டார்ட் மாவு. தீபாவளிக்கு அன்னாசி டார்ட் செய்யும் வீடு என்றால் அந்த வருடமே பலன் தெரியும். ஃபாண்டன்ட் (சர்க்கரைப் பசை) பூ, கிரீம் அலங்கார வகுப்புகளை விட்டுவிடுங்கள், அவற்றை வீடியோ பார்த்தே பழகலாம்.

பதிவு செய்வதற்கு முன் போன் செய்து, ஆளுக்கு ஒரு மாவா, நான்கு பேருக்கு ஒன்றா என்று கேளுங்கள். நான்கு பேருக்கு ஒன்று என்றால் ஒருவர் பிசைவார், மூவர் போனில் படம் எடுப்பார்கள். ஓவனைப் பற்றியும் கேளுங்கள். அவர்களுடையது மின்விசிறி ஓவனாக இருந்து, உங்களுடையதில் மின்விசிறி இல்லையென்றால் வீட்டில் 20 டிகிரி கூட்டி வைக்க வேண்டியிருக்கும்.

இடம் என்றால், சன்வே பல்கலைக்கழகத்தில் லு கோர்டோன் புளூ இருக்கிறது. 1895இல் பாரிஸில் தொடங்கிய சமையல் பள்ளியின் மலேசியக் கிளை அது, பொதுமக்களுக்கும் குறுகிய வகுப்புகள் வைக்கிறார்கள். செந்தூலிலிருந்து கேடிஎம் ரயிலில் செத்தியா ஜெயா போய், பிஆர்டி பஸ் பிடிக்கலாம். செலவு கட்டாது என்றால் அரசாங்கத்தின் கொலெஜ் கொமுனிட்டி (சமூகக் கல்லூரி) நடத்தும் குறுகிய பேக்கரி வகுப்புகளைப் பாருங்கள். மலாயில் சொல்லிக்கொடுப்பார்கள், கட்டணம் குறைவு.

வைனைத் தனியாக எடுங்கள். ஹலால் சமையலறையில் அது இருக்காது, 21 வயதுக்குக் கீழே உள்ள யாரையும் கூட்டிப் போகவும் முடியாது. சிவப்பு வைனை 'அறை வெப்பநிலையில்' பரிமாறு என்பார்கள். அந்த அறை 16, 18 டிகிரி உள்ள ஐரோப்பிய அறை. இங்கே பரிமாறுவதற்கு முன் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். நம் காரத்தோடு துவர்ப்பான சிவப்பு வைன் குடித்தால் எரிச்சல்தான் கூடும். லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் பொருந்தும்.

இனி மாட்டிறைச்சி விஷயம். அதில் கவனிக்க வேண்டியது ஜெலட்டின், விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுத்து இனிப்பை உறைய வைக்கச் சேர்ப்பது. மூஸ், பன்னா கோட்டா மாதிரி குளிர்ந்த கிரீம் இனிப்பு வகுப்புகளில் இது அடிக்கடி வரும். ஹலால் முத்திரை இருந்தால் பன்றி இல்லை என்று தெரியும், மாடு இல்லை என்று அர்த்தமில்லை. நம்மூரில் அது பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின். மீன் ஜெலட்டின் கிடைக்கிறது, சுத்த சைவம் என்றால் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகார்-அகார். ஜெலட்டின் உடல் சூட்டிலேயே உருகும், அகார் உருக 85 டிகிரி வேண்டும், அதனால் வாயில் அதே மாதிரி கரையாது, அளவும் வேறு. பொருள்களை முன்கூட்டியே அளந்து வைத்துவிடுவார்கள், ஆகவே பதிவு செய்யும் அன்றே இதைச் சொல்லிவிடுங்கள்.