கலர் எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லித் தராதீங்க

கேள்வி: என் பையன் ரெண்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். தினமும் சாயங்காலம் சார்ட்டை வச்சு இங்கிலீஷ் வார்த்தை சொல்லித் தர்றேன், ஒரு நாள் கலர், ஒரு நாள் காய்கறின்னு. வரிசையா கடகடன்னு ஒப்பிக்கிறான், தனியா கேட்டா கிரீனை ப்ளூங்கிறான், லெஃப்ட்டும் ரைட்டும் மாறிப் போகுது. படிப்பு வராதோன்னு பயமா இருக்கு.
– ஒரு அம்மா, திண்டுக்கல்

பதில்: பையன்கிட்ட ஒரு குறையும் இல்லம்மா, அந்த பயத்தை முதல்ல விடுங்க. ஒரே இனத்து வார்த்தைகளை ஒரே நாள்ல புதுசா கொடுத்தா ஒண்ணோட ஒண்ணு குழம்பத்தான் செய்யும். 1993ல டிங்க்கம்ங்கிறவரும் 1997ல ஜப்பான்ல வாரிங்ங்கிறவரும் இதை சோதிச்சே பாத்திருக்காங்க, சோதனையில கலந்துக்கிட்டவங்க இனம் இனமா கொடுத்ததை விட சம்பந்தமில்லாத வார்த்தைகளைத்தான் சீக்கிரம் கத்துக்கிட்டாங்க, அதுவும் பெரியவங்க! அப்ப ஏழு வயசுப் பிள்ளை என்ன பண்ணும்?

எதிர்ப்பதம்தான் ரொம்ப மோசம். இப்போதைக்கு ரைட் மட்டும் போதும், சாப்பிட உக்காரும்போது "ஷோ மீ யுவர் ரைட் ஹேண்ட்"னு கேளுங்க, யோசிக்காம கையை நீட்ட ஆரம்பிச்ச பிறகு லெஃப்ட்டுக்குப் போங்க. கலரும் அப்படித்தான், இந்த வாரம் தக்காளி நறுக்கும்போது ரெட், அது மனசுல நின்னதுக்கப்புறம் கிரீன்.

சாயங்காலம் தனியா உக்கார வைக்கவே வேண்டாம்னு சொல்லுவேன். தோசை ஊத்திக்கிட்டே "ப்ரிங் த ஸ்பூன்"னு சொல்லுங்க, அவன் டம்ளரை எடுத்துட்டு வந்தா திட்டாம, தமிழ்லயும் சொல்லாம, ஸ்பூனைத் தொட்டுக் காட்டி திரும்ப அதையே சொல்லுங்க, போய் எடுத்துட்டு வருவான். கலிஃபோர்னியாவுல ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு மனோதத்துவப் பேராசிரியர் 1960கள்லயே இந்த வழியைத்தான் சொன்னார், முதல்ல கேட்டு உடம்பால செய்யட்டும், பேச்சு தானா வரும்னு. அதனால அவன் வாயைத் திறக்கலையேன்னு அவசரப்படாதீங்க.

ஒரு நாளைக்கு நாலஞ்சு வார்த்தை போதும். ஆனா அதே வார்த்தையை மறுநாள், ரெண்டு நாள் கழிச்சு, அடுத்த வாரம்னு விட்டு விட்டு கேக்கணும், அதுவும் காட்டிக் கேக்காம, துண்டைப் போட்டு மூடிட்டு உள்ள என்ன இருக்குன்னு கேளுங்க, அவனா ஞாபகப்படுத்திச் சொல்றதுதான் மனசுல நிக்கும். ஸ்பெல்லிங்கை இப்ப இதோட கலக்காதீங்க.

அரசுப் பள்ளின்னா 2022ல ஆரம்பிச்ச எண்ணும் எழுத்தும் திட்டத்துல இங்கிலீஷுக்கும் பாட்டு, விளையாட்டெல்லாம் உண்டு, இந்த வாரம் என்ன நடக்குதுன்னு டீச்சர்கிட்ட கேட்டு அதையே வீட்லயும் பண்ணுங்க. சார்ட் சுவத்துலயே இருக்கட்டும், நாலஞ்சு கலர் தனித்தனியா நல்லா தெரிஞ்ச பிறகு, அவன் தொட்டுக் காட்டி உங்களைக் கேள்வி கேக்குற விளையாட்டுக்கு வச்சுக்கலாம்.