பார்வை குறைந்த அம்மாவுக்கு ஸ்மார்ட் ஸ்பீக்கர்: மட்டக்களப்பு வீட்டுக்கு எது சரிவரும்?

கேள்வி: அம்மாவுக்குக் கண் பார்வை நன்றாகக் குறைந்துவிட்டது, போன் பாவிக்க ஏலாது. லைட், ஃபேன் போட, பாட்டுக் கேட்க ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்க யோசிக்கிறோம். வீடு மட்டக்களப்பில். அலெக்சாவா, கூகுளா? தமிழில் கதைத்தால் அதற்கு விளங்குமா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுக்கிறேன், அதைத் தீர்க்காமல் மற்றதைக் கதைத்துப் பயனில்லை. விளங்காது. அமேசான் எக்கோ (அலெக்சா இருப்பது இதில்தான்), கூகுள் நெஸ்ட், ஆப்பிள் ஹோம்பொட் எதுவுமே இப்போதைக்குத் தமிழில் கட்டளை எடுப்பதில்லை. முதல் இரண்டிலும் இந்திய ஆங்கிலமும் ஹிந்தியும் இருக்கின்றன. போனில் உள்ள கூகுள் அசிஸ்டன்ட் பல வருடமாகத் தமிழ் கேட்கிறது, 2024 இல் கதைத்துப் பதில் வாங்கும் கூகுளின் ஜெமினி லைவும் தமிழுக்கு வந்தது, அதைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கருக்கும் தமிழ் வந்துவிட்டது என்று நம்பி வாங்கியவர்கள் இங்கே நிறையப் பேர். கடைக்காரர் "ஓம், தமிழ் கதைக்கும்" என்று சொன்னால், உங்களுக்கு முன்னால் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அப்படியிருந்தும் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். நாங்கள் களுவாஞ்சிகுடியில், மனைவியின் தாய்வீட்டில் இருக்கிறோம், எங்கள் பக்கத்தில் அதுதானே வழமை. மாமிக்கு கண் அழுத்த நோய், பக்கப் பார்வை முழுக்கப் போய்விட்டது, ராத்திரியில் சுவிட்சைத் தேடிச் சுவரைத் தடவிக்கொண்டு நடப்பார். எக்கோ டொட் ஒன்று வைத்த பிறகு அந்தத் தடவல் நின்றது. மாமி ஆங்கிலம் படித்தவர் இல்லை. ஆனால் லைட், ஃபேன், ஓன், ஓஃப், ஸ்டொப், டைம் எல்லாம் அவர் காலம் முழுக்கச் சொல்லி வந்த சொற்கள்தான். "அலெக்சா, லைட் ஓன்", "அலெக்சா, ஃபேன் ஓஃப்", "அலெக்சா, டைம்". இதற்கு மேல் ஒரு சொல்லும் நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவருக்கு அது காணும். ஸ்பீக்கரையும் லைட்டையும் போனில் உள்ள அலெக்சா செயலியில் ஒரே அறைக்குள் சேர்த்துவிட்டால், வெறும் "லைட் ஓன்" என்றதும் அந்த அறை லைட்தான் எரியும், அம்மா அறையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே எந்தக் கம்பனி, எவ்வளவு பெரிய சத்தம் என்று பார்ப்பதற்கு முன்பு, அம்மாவுக்குக் கையால் செய்ய முடியாமல் இருக்கிற வேலை எது என்று அவரிடமே கேளுங்கள். ராத்திரி லைட்டா, மத்தியானத்தில் ஃபேனா, நேரம் தெரியாமல் தவிப்பதா, பகல் முழுக்கத் தனியே இருப்பதா? அந்த ஒரு வேலைக்கு எது பொருந்துமோ அதை வாங்குங்கள். மிச்சம் வந்தால் வரட்டும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லு என்றால், உங்கள் அம்மாவின் நிலைமைக்கு எக்கோ டொட். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. கூப்பிடும் பெயரை மாற்றலாம், அலெக்சா வேண்டாம் என்றால் எக்கோ, கம்ப்யூட்டர் என்று வேறு சொல் இருக்கிறது. மட்டக்களப்பில் அலெக்ஸ் என்ற பெயருள்ள பிள்ளை இல்லாத தெரு குறைவு, அவனைக் கூப்பிட ஸ்பீக்கர் எழும்பும். கூகுளில் "ஹே கூகுள்" அல்லது "ஓகே கூகுள்" மட்டும்தான், பல்லில்லாத வாய்க்கு அதைச் சொல்வதும் கொஞ்சம் கஷ்டம். ஆனால் வீட்டில் ஏற்கனவே ஆன்ட்ரொய்ட் ரிவி, குரோம்காஸ்ட் பாவிக்கிறீர்கள் என்றால், ரிவியையும் குரலாலேயே போடலாம் என்பதற்காக கூகுள் நெஸ்ட் மினியை எடுப்பது நல்லது. பொதுக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதிலும் கூகுள்தான் கெட்டி. ஹோம்பொட்டை விட்டுவிடுங்கள், ஐபோனோ ஐபேடோ இல்லாமல் அதைப் பூட்டவே முடியாது.

மொழியை "ஆங்கிலம், இந்தியா" என்று வையுங்கள். அமெரிக்க ஆங்கிலத்தில் விட்டால் நம் உச்சரிப்பும் தமிழ்ப் பாடகர்களின் பெயரும் அதற்குப் பிடிபடாது. நினைவூட்டலைக்கூட ஆங்கில எழுத்தில் "மாமி மருந்து" என்று எழுதி வைத்திருக்கிறேன், சொல்லும்போது கொஞ்சம் வளைத்துச் சொல்கிறது, ஆனாலும் மாமிக்கு விளங்குகிறது.

எங்கே வாங்குவது என்று கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். இங்கே பெரும்பாலும் கட்டாரில், டுபாயில் இருக்கிற ஆட்கள் கொண்டுவருவதுதான், அல்லது கொழும்பிலிருந்து எடுப்பது. வளைகுடாவிலிருந்து வருவதில் ஒரு வசதி, அங்கேயும் நம் 13 அம்பியர் சதுரப் பின் பிளக்தான். இந்தியாவிலிருந்து வந்தால் உருண்டைப் பின் இருக்கும். அடப்டரில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், எழுதியிருந்தால் நம் 230 வோல்ட்டுக்கு நேரடியாகப் போடலாம். பாவித்ததைத் தருகிறார்கள் என்றால், அவர்கள் தங்கள் கணக்கிலிருந்து அதை நீக்கிவிட்டுத்தான் தர வேண்டும். நீக்காமல் வந்த எக்கோவை நீங்கள் எத்தனை முறை ரீசெட் பண்ணினாலும் அது பழைய சொந்தக்காரரின் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும், அவர் டோஹாவில் இருந்தால் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதுதான்.

இனி லைட்டும் ஃபேனும். ஸ்பீக்கர் தனியே ஒன்றையும் போடாது, அதற்கு ஸ்மார்ட் பல்ப் அல்லது ஸ்மார்ட் பிளக் வேண்டும். இங்கேதான் காசு வீணாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஸ்மார்ட் பல்ப் என்றால் சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்க வேண்டும். வீட்டில் யாராவது பழக்கத்தில் அதை ஓஃப் பண்ணிவிட்டால் பல்ப்புக்கு உயிரில்லை, அம்மா எத்தனை தரம் கூப்பிட்டாலும் எரியாது. அந்தச் சுவிட்சுக்கு மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்தது, கரண்ட் நின்று திரும்ப வரும்போது பல பல்ப்புகள் தானாகவே எரியும். ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து அறை முழுக்க வெளிச்சமானால் வயதானவர்கள் திடுக்கிட்டு எழும்புவார்கள். பல்ப்பின் செயலியில் கரண்ட் வந்ததும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும், முன்பிருந்த நிலை என்று மாற்றுங்கள். அந்த செட்டிங் இல்லாத பல்ப்பை வாங்காதீர்கள்.

ஃபேன் விஷயம் இன்னும் முக்கியம். ஸ்டாண்ட் ஃபேனில் அமத்தினால் உள்ளே போய் நிற்கிற பழைய மாதிரிப் பட்டன் இருந்தால் ஸ்மார்ட் பிளக்கில் அருமையாக வேலை செய்யும், வேகத்தை இரண்டில் அமத்திவிட்டுப் பிளக்கைக் குரலால் போடலாம். ரிமோட்டோடு வருகிற புது ஃபேன்களில் பலது அப்படி இல்லை, பிளக்குக்குக் கரண்ட் வந்தாலும் ஃபேன் காத்துக்கொண்டு நிற்கும், திரும்ப ஒருவர் போய் அமத்த வேண்டும். அதற்கு ரிமோட்டின் வேலையைச் செய்கிற இன்ஃப்ராரெட் கருவி ஒன்று தனியே வாங்க வேண்டும், ஏசியையும் அதே கருவியால் போடலாம். சீலிங் ஃபேனுக்குச் சுவருக்குள் வைக்கிற ஸ்மார்ட் சுவிட்ச் வேண்டும், அதை எலக்ட்ரீசியனைக் கொண்டு செய்யுங்கள்.

தண்ணி மோட்டாரை மட்டும் ஸ்மார்ட் பிளக்கில் கொழுவ வேண்டாம். கிணற்று மோட்டாரை இருந்த இடத்திலிருந்தே போடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். ஆனால் சாதாரண ஸ்மார்ட் பிளக் பலதும் 10 அம்பியருக்குச் செய்தது, மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். உள்ளே கரண்டைப் போட்டு நிறுத்துகிற ரிலே ஒட்டிக்கொண்டுவிட்டால், நீங்கள் ஓஃப் என்றாலும் மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும், கிணற்றில் தண்ணி இறங்கியிருந்தால் மோட்டாரும் எரியும். ஸ்திரிக்கைப் பெட்டி, ஹீட்டர் போன்றவையும் இதற்கு வேண்டாம்.

வைஃபையில் ஒன்று கவனிக்க வேண்டும். ஸ்பீக்கர் 2.4, 5 கிகாஹேர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையிலும் ஏறும், ஆனால் மலிவான பிளக்கும் பல்ப்பும் பெரும்பாலும் 2.4 இல் மட்டும்தான். ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் காட்டினால் பூட்டும்போது பிளக் ஏறமாட்டேன் என்று நிற்கும். ரவுட்டர் செட்டிங்கில் இரண்டுக்கும் இரண்டு பெயர் வையுங்கள். போன் ஹொட்ஸ்பொட்டை நம்பி இதை வாங்கவே வேண்டாம், போனோடு நீங்கள் வேலைக்குப் போனால் வீட்டில் ஒன்றும் வேலை செய்யாது. டேட்டா பற்றிப் பயப்படத் தேவையில்லை, சும்மா இருக்கும்போது கொஞ்சம்தான் எடுக்கும், பாட்டு ஓடினால் 160 கேபிபிஎஸ் தரத்தில் மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 72 எம்பி.

கரண்ட் நின்றால் இந்த ஸ்பீக்கர்கள் படுத்துவிடும், உள்ளே பற்றறி இல்லை. 2022 இல் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் நிறுத்திய நாட்களை மறந்திருக்க மாட்டீர்கள், 2025 பெப்ரவரியிலும் நாடு முழுக்க இருண்டது. ரவுட்டருக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வைத்தாலும் ஸ்பீக்கருக்குத் தனியே வேண்டும், அடப்டரில் வோல்ட் பாருங்கள், எக்கோ டொட்டின் மூன்றாம் நான்காம் தலைமுறை 12 வோல்ட், நெஸ்ட் மினி 14 வோல்ட், மாறிக் கொழுவக்கூடாது. எப்படியும் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டோர்ச்சும் ஒரு கைமணியும் இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இடிக்காலத்தில் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், ஃபைபர் இணைப்பு என்றாலும் மின்னல் பிளக் வழியாக வரும்.

விழுந்துவிட்டால் கூப்பிட உதவும் என்று மட்டும் நினைக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்து அம்புலன்சுக்கு இதால் கோல் எடுக்க முடியாது. எக்கோவில் "ட்ரொப் இன்" என்று ஒரு வசதி உண்டு, நீங்கள் போனிலிருந்து போட்டால் அம்மா ஒன்றையும் தொடாமலே அறைக்குள் உங்கள் குரல் கேட்கும், அவரோடு தமிழிலேயே கதைக்கலாம். எல்லா நாட்டுக் கணக்கிலும் அது திறப்பதில்லை, முதலில் போட்டுப் பாருங்கள். திறந்தால், அம்மாவிடம் கேட்டுவிட்டு வையுங்கள். அது அவருடைய அறை. அவர் ஜெபிக்கிற நேரம், உடுப்பு மாற்றுகிற நேரம், அயலவரோடு மனம் விட்டுக் கதைக்கிற நேரம் பிள்ளை திடீரென்று கேட்டுக்கொண்டிருந்தால் அது அன்பாகத் தெரியாது. எங்கள் வீட்டில் மகளுக்கு மட்டும்தான் அந்த அனுமதி, அதுவும் மாமி சொன்ன நேரத்தில்.

பதிவாகும் குரல் பற்றியும் தெரிந்திருங்கள். கூப்பிடும் சொல்லை ஸ்பீக்கர் தனக்குள்ளேயே கண்டுபிடிக்கும், அதற்குப் பிறகு சொல்வது அவர்களுடைய சேர்வருக்குப் போகும். அந்தப் பதிவுகளில் சிலதை ஊழியர்கள் கேட்டார்கள் என்பது 2019 இல் வெளிவந்தது. சிறுவர்களின் குரல் பதிவை வைத்திருந்ததற்காக அமேசான் 2023 இல் அமெரிக்காவில் 25 மில்லியன் டொலர் கட்ட ஒத்துக்கொண்டது. பதிவுகளைச் செயலியில் அழிக்கலாம், நாங்கள் தானாக அழியும்படி வைத்திருக்கிறோம். மைக்கை நிறுத்த எக்கோவில் ஒரு பட்டன் உண்டு, அமத்தினால் சிவப்பாக எரியும். விருந்தாட்கள் வந்தால் அதை அமத்துகிறோம், அல்லது இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்லிவிடுகிறோம்.

பாட்டு: ஸ்பொட்டிஃபை 2021 இல் இலங்கைக்கு வந்தது, இரண்டு ஸ்பீக்கரிலும் ஓடும். காத்தான்குடியில் என் நண்பன் அவனுடைய உம்மாவுக்குக் காலையில் குர்ஆன் ஓதல் அதில்தான் போட்டுக்கொடுக்கிறான். ஆனால் மாமி கேட்பது எங்கள் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் பாடுவதை, அது எந்தச் சேவையிலும் கிடைக்காது. அங்கே பாடும்போது போனில் பதிந்துகொண்டு வந்தேன், புளூடூத்தில் ஸ்பீக்கரோடு சேர்த்துப் போட்டுவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். உங்கள் அம்மாவுக்குப் பிடித்ததையும் அப்படிச் சேர்த்து வையுங்கள், செய்த செலவில் அவருக்கு அதிகம் சந்தோஷம் தருவது அதுவாக இருக்கலாம்.

ஸ்பீக்கரை ரிவிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், ரிவி கதைப்பதற்கெல்லாம் எழும்பும். ஃபேன் காற்று நேரே படுகிற இடமும் வேண்டாம், அந்த இரைச்சலில் மெல்லிய குரல் கேட்காது. கட்டிலில் படுத்தபடி அம்மா சாதாரணமாகக் கதைத்துப் பார்க்கட்டும், கத்தாமல் அது கேட்கிற இடத்தில் வையுங்கள்.

அறையில் இருப்பது சீலிங் ஃபேனா ஸ்டாண்ட் ஃபேனா, ரவுட்டர் எந்த மாடல் என்று கீழே எழுதுங்கள், எந்தப் பிளக் சரிவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.